சிங்க்திங் வடிகட்டி: வரிசை மாறினால் வில்லங்கம்

கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் மென்பொருள் வழியாக, கல்முனைக் கடைக் கணினியிலிருந்து மட்டக்களப்பு வீட்டு லப்டொப்புக்கு, பகிர்ந்த போல்டரில் உள்ள 'கலியாணம்' என்பதற்குள் 'முடிந்தவை' மட்டும் வர வேண்டும். மூலப் படங்கள் வந்தால் டேட்டா தாங்காது. போல்டரின் புறக்கணிப்புப் பட்டியலில் இப்படி எழுதியிருந்தேன்:

/கலியாணம்/*
!/கலியாணம்/முடிந்தவை

ஒன்றுமே வரவில்லை. பிழை என்னுடையதுதான். சிங்க்திங் மேலிருந்து கீழே வாசித்து, முதலில் பொருந்தும் வரியோடு முடிவெடுக்கும். மேல் வரியின் * உள்ளே உள்ள எல்லாவற்றோடும் பொருந்திவிடுவதால், கீழே ! போட்ட விதிவிலக்கை எட்டியும் பாராது. ஆச்சரியக்குறி வரியை மேலே தூக்கிப் போட்டு, மீண்டும் ஸ்கேன் கொடுத்ததும் படங்கள் வரத் தொடங்கின.

தொடக்கத்துச் சாய்கோடு பகிர்ந்த போல்டரின் வேரைக் குறிக்கும். அதை விட்டால், எந்த ஆழத்தில் அதே பெயர் இருந்தாலும் சிக்கும். வேர்ட் திறந்திருக்கும்போது முளைக்கும் தற்காலிகக் கோப்புகளுக்கு ~$* என்ற ஒரு வரி போதும்.

பலர் தடுக்கி விழும் இடம் வேறு. இந்தப் பட்டியல் மறு கணினிக்குத் தானாகப் போகாது. இரண்டிலும் தனித்தனியாக எழுத வேண்டும். ஏற்கெனவே போய்ச் சேர்ந்த கோப்புகளையும் அது அழிக்காது. லப்டொப்பில் கையால் அழிக்கலாம், ஆனால் இரு பக்கமும் வரிகள் சேமிக்கப்பட்டதைப் பார்த்த பிறகு மட்டும். வரி இல்லாமல் அழித்தால் அந்த அழிப்பும் ஒத்திசைந்து, கடையிலுள்ள மூலப் படங்களும் போய்விடும்.