கொள்கைச் செய்திக்கு ஆய்வுக் கட்டுரையைப் பயன்படுத்துவது எப்படி? நொய்யல் கற்றுத் தந்த முறை

எங்கள் இதழ் சென்னிமலை, காங்கேயம், வெள்ளக்கோவில் வட்டாரத்தில் விற்கும் சிறிய இதழ். அதில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவுநீர் கலந்து கெட்டுப்போன நொய்யல் ஆற்றைப் பற்றி எழுதுவதற்காகத்தான் முதன்முதலில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். ஓர் இடத்தில் பெரிதாக இடறினேன். புதிதாக வந்திருக்கும் செய்தியாளர்கள் அங்கே இடறக் கூடாது என்பதற்காக இந்த முறையை எழுதுகிறேன். குடிநீர், காலை உணவு, மகளிர் கட்டணமில்லாப் பேருந்து என்று எந்தத் திட்டத்துக்கும் இது பொருந்தும்.

1. கேள்வியைக் குறுக்குங்கள்

"நொய்யல் மாசு" என்று தேடினால் வாசித்து மாளாது. நொய்யலின் குறுக்கே கட்டிய அணையை வைத்து, "ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள கிணறுகளில் உப்பு குறைந்திருக்கிறதா?" என்று கேட்டால் படிக்க வேண்டிய கட்டுரைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடும்.

2. தேடுங்கள்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தொடங்குங்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையதளம் இருக்கிறது, இலவசம். என்னைக் கேட்டால், உள்ளூர்ச் செய்திக்கு இதழ்க் கட்டுரையைவிட ஆய்வேடுதான் மேல். கட்டுரையில் ஒரு வரியில் முடிந்துவிடும் விஷயம் ஆய்வேட்டில் ஊர்ப் பெயர், கிணற்று எண், வரைபடம் என்று விரிந்து கிடக்கும்.

கட்டுரை விலைக்கு என்று காட்டினால் பணம் கட்டாதீர்கள். ஸ்காலரில் பல முடிவுகளின் கீழ் மற்ற பதிப்புகளுக்கான இணைப்பு இருக்கும்; பல நேரம் அங்கேயே இலவசப் பிரதி கிடைக்கும். கிடைக்காவிட்டால், முதல் பக்கத்தில் உள்ள ஆய்வாளரின் முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்பினார்கள். சேகரித்தவற்றை அடுக்கி வைக்க சோட்டேரோ என்ற மென்பொருள் போதும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் சேகரிப்பில் இருந்தால் அது எச்சரிக்கவும் செய்யும். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கட்டுரைப் பட்டியல் கேட்பதை நான் விட்டுவிட்டேன். இல்லாத கட்டுரைக்கும் அது தலைப்பு சொல்லிவிடுகிறது.

3. தண்ணீர் எடுத்த ஆண்டைப் பாருங்கள்

நான் இடறிய இடம் இதுதான்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்குப் பின் வெளியான ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு, ஆய்வுச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, "கிணறுகளில் உப்பு இவ்வளவு இருக்கிறது" என்று நிகழ்காலத்தில் எழுதினேன். இதழ் வந்த மறுநாள் ஒரத்துப்பாளையம் பக்கத்து விவசாயி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஏனுங்க தம்பி, நீங்கள் எழுதியிருப்பது எந்த வருடத்துத் தண்ணீர்?" என்று கேட்டார்.

அப்போதுதான் ஆய்வு முறை பகுதியைத் திறந்தேன். மாதிரிகள் எடுத்தது பட்டறைகளை மூடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு.

மறுவாரம் அவர் தோட்டத்துக்குப் போனேன். மஞ்சள் பையிலிருந்து மண், நீர் பரிசோதனைச் சீட்டுகளை எடுத்துக் கயிற்றுக் கட்டிலில் வரிசையாகப் பரப்பினார். ஓரம் மடங்கி, சிலவற்றில் மை மங்கியிருந்தது. 2011-க்குப் பிந்தைய சீட்டுகளில் உப்பின் எண் மெல்ல இறங்கியிருந்தது. ஆனாலும் நல்ல தண்ணீர் என்று சொல்லும் நிலைக்கு அது வரவில்லை. என் செய்தியில் இந்த இரண்டில் எதுவுமே இல்லை. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டோம்.

அன்றிலிருந்து எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஒரு வெள்ளைத் தாளில் கோடு போடுகிறேன். கோட்டின் மேலே கொள்கை மாறிய ஆண்டுகள். நொய்யலுக்கு: 1992 ஒரத்துப்பாளையம் அணை, 2006 கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றக் கூடாது என்ற உயர் நீதிமன்ற உத்தரவு, 2011 பட்டறைகள் மூடல். கோட்டின் கீழே மாதிரி எடுத்த ஆண்டும் மாதமும். மாதமும் வேண்டும், ஐப்பசி மழைக்கு முன் எடுத்த தண்ணீரும் பின் எடுத்த தண்ணீரும் ஒன்றல்ல. கட்டுரை வெளியான ஆண்டை நான் இந்தத் தாளில் எழுதுவதே இல்லை.

மற்றத் திட்டங்களிலும் இதே தவறு நடக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21-இல் எடுக்கப்பட்டது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அந்த ஆய்வின் ரத்தசோகை எண்ணை வைத்துக் காலை உணவால் பலன் உண்டு என்றோ இல்லை என்றோ எழுத முடியாது. திட்டத்துக்கு முந்தைய நிலை என்று மட்டும் எழுதலாம்.

4. அலகை மாற்றுங்கள்

நம் மக்கள் பேசுவது டி.டி.எஸ். கணக்கில், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவில். கட்டுரைகளில் பெரும்பாலும் மின்கடத்துத் திறன் இருக்கும்; உப்பு கூடினால் தண்ணீர் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். அது மீட்டருக்கு டெசிசீமென்ஸ் என்று இருந்தால் 640-ஆல் பெருக்குங்கள். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று தோராயமாகக் கிடைக்கும். 3 என்றால் சுமார் 1,920. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அளவு 500; வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 2,000 வரை. இந்த ஒப்பீடு இருந்தால்தான் வாசகருக்கு எண் புரியும்.

5. ஆய்வாளரிடம் பேசுங்கள்

"உங்கள் ஆய்வை வைத்து நான் எதை எழுதக் கூடாது?" என்று முதலில் கேளுங்கள். இதைவிடப் பயனுள்ள கேள்வியை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பிறகு அந்த ஆய்வில் சம்பந்தப்படாத இன்னொரு ஆய்வாளரிடமும் காட்டுங்கள். நிதி கொடுத்தது யார் என்பது பெரும்பாலும் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

6. எழுதும்போது

"ஆய்வு கூறுகிறது" என்று தொடங்காதீர்கள். எந்த ஆண்டு, எந்த மாதம், எத்தனை கிணறுகள், எந்த ஊர்கள் என்பதெல்லாம் எண் வரும் அதே வாக்கியத்தில் இருக்க வேண்டும். நான்கு பத்தி தள்ளிப் போட்டால், பக்கம் வடிவமைப்பவர் இடம் போதாமல் முதலில் வெட்டுவது அதைத்தான்.

பிற்சேர்க்கை 1: தேடினால் பாதிக் கட்டுரைகள் வருவதில்லை என்று கரூரிலிருந்து ஒரு வாசகர் எழுதினார். ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் சிக்கல். திருப்பூரை ஒரு 'பி' போட்டு எழுதியவர்களும் உண்டு, இரண்டு 'பி' போட்டு எழுதியவர்களும் உண்டு. இரண்டையும் தேடுங்கள். ஒரத்துப்பாளையத்துக்கும் இதே கதைதான்.

பிற்சேர்க்கை 2: "அப்படியானால் பழைய ஆய்வுகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. நிலத்தடியில் இறங்கிய உப்பு பட்டறையைப் பூட்டிய அன்றே போய்விடாது. பழைய கட்டுரையில் உள்ள கிணறுகளின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அதே கிணறுகளுக்கு, அதே மாதத்தில் போய்த் தண்ணீர் எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள். ஒரத்துப்பாளையத்துக்கு நான் இந்த வைகாசியில் அப்படித்தான் போகிறேன். மஞ்சள் பையோடு அவரும் வருகிறார்.