கன்சோல் சந்தைக்கு பிசிஜி அணி வரைவது எப்படி? நின்டெண்டோவின் 2009 கணக்குடன் ஒரு செய்முறை

பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பின் (பிசிஜி) நிறுவனர் புரூஸ் ஹெண்டர்சன் 1970-இல் முன்வைத்த வளர்ச்சி–பங்கு அணியின் நான்கு கட்டங்கள் (நட்சத்திரம்: சந்தை வளர்ச்சியும் பங்கும் உயர்வு; கறவை மாடு: பங்கு உயர்வு, வளர்ச்சி குறைவு; கேள்விக்குறி: வளர்ச்சி உயர்வு, பங்கு குறைவு; நாய்: இரண்டும் குறைவு) எந்த மேலாண்மைப் பாடநூலிலும் கிடைக்கும் என்பதால், அவற்றின் விரிவான விளக்கத்தைத் தவிர்த்து நேரே வேலைக்கு வருகிறேன்.

படி 1: ஒரே நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ என்ற விளையாட்டுக் கன்சோல்கள் மூன்றையும் ஒரே அணியில் வைத்து ஒப்பிடும் படங்கள் ஏராளமாக உலவுகின்றன. அவற்றைப் பின்பற்ற வேண்டாம். ஒரு நிறுவனம் தன் தொழில்களுள் எதிலிருந்து பணத்தை எடுத்து எதில் போட வேண்டும் என்ற கேள்விக்காகவே இந்த அணி உருவானது. சோனி ஈட்டும் பணம் மைக்ரோசாஃப்டின் புதிய கன்சோலுக்குப் போகப் போவதில்லை. போட்டியாளர்கள் கணக்கில் மட்டுமே வருவார்கள், படத்தில் அல்ல.

படி 2: சந்தையைப் பிரியுங்கள்

நின்டெண்டோவுக்கு 2009-இல் இரண்டு சந்தைகள் இருந்தன: தொலைக்காட்சியுடன் இணைக்கும் வீட்டுக் கன்சோலில் வீ, கையடக்கக் கன்சோலில் டிஎஸ்.

படி 3: ஒப்புச் சந்தைப் பங்கைக் கணக்கிடுங்கள்

பெரும்பாலான கணக்குகள் சறுக்குவது இங்கேதான், ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம். சூத்திரம் எளியது: உங்கள் விற்பனையை மிகப்பெரிய போட்டியாளரின் விற்பனையால் வகுக்க வேண்டும். விடை 1-க்கு மேல் இருந்தால் சந்தையில் முதலிடம் உங்களுக்கு. எந்த விற்பனையை எடுப்பது என்பதுதான் சிக்கல். எளிதாகக் கிடைப்பது வாழ்நாள் மொத்தம்: வீ 10.16 கோடி, பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) 8.74 கோடிக்கு மேல். வகுத்தால் ஏறத்தாழ 1.16 வருகிறது, அதாவது வீ சற்றே முன்னணியில் இருந்தது போன்ற தோற்றம் கிடைக்கிறது. அப்படியொரு நிலை எந்தக் காலத்தைக் குறிக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது.

ஆண்டுக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் வீ 2.60 கோடியும் பிஎஸ்3 ஏறத்தாழ 1.01 கோடியும் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. எக்ஸ்பாக்ஸ் 360-இன் கணக்கு மூன்று மாதம் தள்ளி ஜூனில் முடிகிறது, அது 1.12 கோடி. ஆகவே அதுவே பெரிய போட்டியாளர், வீயின் பங்கு 2.3. மூன்றே ஆண்டுகளில், 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், வீ 0.98 கோடிக்கு இறங்க, பிஎஸ்3 1.39 கோடியில் நின்றது. பங்கு 0.7 மட்டுமே. வாழ்நாள் மொத்தம் இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது. அணி என்பது ஒரு குறிப்பிட்ட ஆண்டின் நிலைப்படம், ஆகவே ஆண்டு எண்களை மட்டுமே பயன்படுத்துங்கள். நிறுவனங்களின் நிதியாண்டு எந்த மாதத்தில் முடிகிறது என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

டிஎஸ்ஸுக்கு 2009 மார்ச்சில் முடிந்த அதே ஆண்டில் 3.12 கோடி, சோனியின் கையடக்கக் கன்சோலான பிஎஸ்பிக்கு 1.41 கோடி. பங்கு 2.2.

படி 4: வளர்ச்சி வீதம்

இதற்கு மார்ச்சில் கணக்கு முடிக்கும் இரு நிறுவனங்களின் எண்களே போதும். வீயும் பிஎஸ்3-உம் சேர்ந்து முந்தைய ஆண்டின் 2.78 கோடியிலிருந்து 3.61 கோடிக்கு ஏறின, ஏறத்தாழ 30 சதவீதம். டிஎஸ்ஸும் பிஎஸ்பியும் சேர்ந்து 4.42 கோடியிலிருந்து 4.53 கோடிக்கு, ஏறத்தாழ 2.5 சதவீதம் மட்டுமே நகர்ந்தன. வழக்கமான 10 சதவீத எல்லையை வைத்தால் வீ நட்சத்திரம், டிஎஸ் கறவை மாடு.

படி 5: வரையுங்கள்

நான் லிப்ரே ஆஃபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அழகான ஆயத்த வார்ப்புருக்கள் புள்ளியை நான்கு பெட்டிகளுள் ஒன்றில் போட்டுவிட்டு அதன் துல்லியமான இடத்தை மறைத்துவிடுகின்றன. குமிழி வரைபடத்தைத் தேர்ந்து, கிடை அச்சில் ஒப்புப் பங்கையும் நிலை அச்சில் வளர்ச்சி வீதத்தையும் இட்டு, கிடை அச்சை மடக்கை (log) அளவுக்கு மாற்றுங்கள். அப்போதுதான் 2-உம் 0.5-உம் நடுக்கோடான 1-இலிருந்து சம தூரத்தில் நிற்கும். அதே அச்சைத் திசை திருப்பவும் வேண்டும், ஏனெனில் இந்த அணியில் உயர்ந்த பங்கு இடப்பக்கம் வருகிறது. குமிழியின் அளவுக்கு வருவாயைக் கொடுங்கள்.

படத்தைப் படிக்கும்போது

கறவை மாட்டின் பணத்தைக் கேள்விக்குறியில் இடுவதே அணியின் அறிவுரை. டிஎஸ்ஸுக்கு அடுத்து 2011-இல் வெளிவந்த 3டிஎஸ் தொடக்கத்தில் தடுமாறியபோது, நின்டெண்டோ ஜப்பானில் அதன் விலையை சுமார் ஆறு மாதத்துக்குள் 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னாகக் குறைத்துத் தாங்கிப் பிடித்தது. இறுதியில் அது 7.59 கோடி விற்றது. ஆனால் பங்கு உயர்ந்தால் செலவு குறைந்து பணம் குவியும் என்ற அணியின் அடிப்படை அனுமானத்தைக் கன்சோலுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. பிஎஸ்3 2006-இல் அடக்கவிலைக்கும் கீழே விற்கப்பட்டது, அத்தகைய கருவிகளில் இலாபம் விளையாட்டு மென்பொருளிலும் உரிமத் தொகையிலும்தான் வருகிறது. ஆகவே கருவி விற்பனையைப் பங்குக்கு மட்டும் பயன்படுத்தி, பணவரவைத் தனியாகப் பாருங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் சிலர் எக்ஸ்பாக்ஸ் ஒன் (எக்ஸ்பாக்ஸ் 360-க்கு அடுத்த கன்சோல்) கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2015-இல் கருவி விற்பனை எண்ணிக்கை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் விளையாட்டுப் பிரிவின் வருவாயையே அளவாகக் கொள்ளுங்கள். ஒருவருக்கு எண்ணிக்கை, மற்றவருக்கு வருவாய் என்று கலந்தால் விகிதத்துக்குப் பொருளில்லை. 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சுக்கு இரண்டாம் படியும் மாறும்: அது வீட்டிலும் கையிலும் இயங்குவதால், இரண்டு சந்தைகளையும் ஒன்றாக்கி ஒரே குமிழியாக வரையுங்கள்.