குடும்பத்தோடு வெளிநாடு: விசாவைத் தேர்ந்தெடுப்பதில் சறுக்கும் இடங்கள்

வெளிநாட்டு வேலை கைக்கு வந்ததும் எல்லோரும் தேடிப் படிப்பது வேலைக்குப் போகிறவருக்கான விதிகளைத்தான். சம்பளம் எவ்வளவு, எத்தனை ஆண்டு, பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கிடைக்குமா என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடும். துணைவரும் குழந்தையும் 'டிபெண்டன்ட்' (சார்ந்திருப்பவர்) என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். போன இடத்தில் குடும்பம் காலூன்றுமா, ஓராண்டில் பெட்டி கட்டுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தச் சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பவை. எனவே டிபெண்டன்ட் விதிகளை முதலில் படியுங்கள். நாட்டைப் பிறகு முடிவு செய்யலாம்.

விசா இருந்தால் வேலையும் பார்க்கலாம் என்று நினைப்பது

துணைவர் கூட வரலாம் என்பது வேறு, வந்து சம்பாதிக்கலாம் என்பது வேறு. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசா வைத்திருப்பவரின் துணைவருக்குக் கிடைப்பது எச்-4 என்ற டிபெண்டன்ட் விசா. அதை வைத்துக்கொண்டு நேராக வேலைக்குச் சேர முடியாது. 2015 மே மாதத்திலிருந்து எச்-4 துணைவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி தருகிறார்கள். ஆனால் கிரீன் கார்டுக்கான (அமெரிக்காவின் நிரந்தர வசிப்பு அட்டை) ஐ-140 மனு ஒப்புதலாவது போன்ற ஒரு கட்டத்தை எச்-1பி காரர் எட்டியிருக்க வேண்டும். புதிதாகப் போகிறவருக்கு அது பல ஆண்டு தள்ளி இருக்கும் விஷயம். சிங்கப்பூரில் டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் வேலை பார்க்க, 2021 மே முதல் பொதுவாகத் தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும். ஜப்பானில் அனுமதி வாங்கினாலும் வாரம் 28 மணி நேரம்தான். ஜெர்மனியில் புளூ கார்டு (உயர்தகுதிப் பணியாளர்களுக்கான அனுமதி) எடுத்தவரின் துணைவருக்கோ வந்தவுடனேயே முழு நேர வேலைக்கு உரிமை உண்டு. இரண்டு சம்பளத்தை நம்பிக் கணக்குப் போடும் குடும்பத்துக்கு இந்த ஒரு வரி போதும், நாட்டையே மாற்றிக்கொள்ள.

முன்பு போனவர் சொன்னதை நம்புவது

இதில் விழுபவர்கள்தான் அதிகம். 2022இல் ஒருவர் பிரிட்டனில் முதுநிலைப் படிப்புக்கு மனைவி, குழந்தையோடு போயிருப்பார். அவர் சொல்வதில் பொய் இல்லை, காலம்தான் மாறிவிட்டது. 2024 ஜனவரி 1 முதல் அங்கே தொடங்கும் படிப்புகளில் ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டுமே குடும்பத்தை அழைத்துவர முடியும். பராமரிப்புப் பணியாளர் விசாவில் புதிதாகப் போனவர்களுக்கும் அதே ஆண்டு மார்ச் 11 முதல் அந்தக் கதவு மூடிவிட்டது. கனடாவில் 2025 ஜனவரி 21 முதல், முதுநிலைப் படிப்பு என்றால் அது குறைந்தது 16 மாதமாவது இருந்தால்தான் மாணவரின் துணைவருக்குத் திறந்த வேலை அனுமதி, அதாவது எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கும் அனுமதி. ஏஜென்டு பழைய விதியைச் சொல்லும்போது அரசின் குடிவரவு இணையதளத்தில் அந்தப் பக்கம் எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்று பாருங்கள். கட்டணத்தை அதன் பிறகு கட்டுங்கள்.

பெயரைப் பார்த்து விசாவை எடைபோடுவது

'டிஜிட்டல் நோமாட்' (வேறு நாட்டிலிருந்தபடி இணையம் வழியே வேலை பார்ப்பவர்) விசா என்றதும் ஆண்டுக்கணக்கில் தங்கலாம் என்று தோன்றும். ஜப்பான் 2024இல் கொண்டுவந்த அந்த விசாவில் குடும்பத்தையும் அழைத்துப் போகலாம், ஆனால் 6 மாதம்தான், நீட்டிக்க வழியில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க நினைப்பவருக்கு அது சுற்றுலாவை விடச் சற்று நீளம், அவ்வளவே. ஸ்பெயினின் 'வருமானம் ஈட்டா' விசா இதற்கு மறுகோடி: தங்கலாம், வேலை பார்க்கக் கூடாது. தொலைவிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு அங்கே தனியாக நோமாட் விசா உண்டு.

சுற்றுலா விசாவில் போய் இறங்கிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது இன்னும் மோசமான யோசனை. ஷெங்கன் பகுதியில் (பொது விசா உள்ள ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) 180 நாளில் 90 நாள் தங்கலாம் என்பது எல்லா உறுப்பு நாடுகளுக்கும் சேர்த்த கணக்கு. பிரான்சில் 90 நாள் முடிந்ததும் போர்ச்சுகலுக்குப் போனால் புதுக் கணக்கு தொடங்காது. குழந்தைக்கும் இதே கணக்குதான்.

ஒருவருக்கான செலவை வைத்துத் திட்டமிடுவது

பிரிட்டனில் விசாக் கட்டணம் போக, சுகாதாரக் கட்டணம் தனி. 2024 பிப்ரவரி 6 முதல் அது பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு 776. வேலை விசாவில் இரண்டு பெரியவர், ஒரு குழந்தை என்றால் மூன்று ஆண்டுக்கு 8,538 பவுண்டு ஆகிறது. விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். ஸ்பெயினின் நோமாட் விசாவுக்கு ஒருவரின் வருமானம் அங்குள்ள குறைந்தபட்ச ஊதியத்தில் 200 சதவீதம் இருக்க வேண்டும். துணைவர் சேர்ந்தால் கூடுதலாக 75, ஒவ்வொரு குழந்தைக்கும் 25. நால்வர் குடும்பத்துக்கு 325 சதவீதம் வந்துவிடுகிறது. தனியாளுக்குத் தகுதி இருக்கிறதே என்ற நிம்மதி இங்கே உதவாது.

காகிதங்களைக் கடைசிக்குத் தள்ளுவது

பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் ஒரு மாதிரி, அம்மாவின் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. இந்த ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த மாதங்கள் ஆகலாம். சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாடு ஏற்கும் அரசுச் சான்று) போதுமா, அல்லது தூதரகச் சான்றும் வேண்டுமா என்பது போகும் நாடு 1961ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கனடா அதில் சேர்ந்ததே 2024 ஜனவரியில்தான். காவல்துறைச் சான்றிதழை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள், அது சீக்கிரம் காலாவதியாகிவிடும். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு போவதானால் மற்றவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமோ குழந்தை யார் பொறுப்பில் என்ற நீதிமன்றத் தீர்ப்போ கேட்பார்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட் பல நாடுகளில் 5 ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால், பெற்றோருடையது புத்தம் புதிதாக இருக்கும்போதே பிள்ளையுடையது முடிந்துவிடும். வசிப்பு அனுமதியும் பல இடங்களில் அந்தத் தேதியோடு நின்றுவிடும்.

போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று விடுவது

பிரான்சின் நீண்டகால விசாவை, அதுவே வசிப்பு அனுமதியாகவும் இருக்கும் வகை என்றால், இறங்கிய 3 மாதத்துக்குள் இணையத்தில் பதிவு செய்து செல்லுபடியாக்க வேண்டும். தவறினால் அங்கே இருப்பதே சட்டவிரோதம். அங்கு போனபின் குழந்தை பிறக்கும் வாய்ப்பு இருக்கும் தம்பதியர் இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த மண்ணின் குடியுரிமையைத் தானாகத் தராத நாடுகளே அதிகம். அங்கே பச்சிளம் குழந்தைக்கு முதலில் சொந்த நாட்டுத் தூதரகத்தில் பாஸ்போர்ட், பிறகு வசிப்பு விசா என்று வரிசையாக எடுக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் இதற்குப் பிறந்த நாளிலிருந்து 120 நாள் அவகாசம். அதைத் தாண்டினால் நாள் கணக்கில் அபராதம்.