பூனை பழி வாங்குவதில்லை: வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துவைத்து மடித்து வைத்திருந்த துணிமேல் எங்கள் கடுவன் பூனை ஒருநாள் மூத்திரம் போய்விட்டது. முந்தின நாள்தான் அதை அதட்டியிருந்தேன். "பாரு, வஞ்சம் வெச்சு செய்யுது" என்று வீட்டில் ஒருமனதாகத் தீர்ப்பு சொல்லி, ராத்திரி முழுக்க அதை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினோம். மறுநாள் கால்நடை மருத்துவர் அடிவயிற்றைத் தொட்டதுமே கத்தியது. சிறுநீர்ப்பையில் அழற்சி. அது ஒதுங்குவதற்கு வைத்திருந்த மணல் தட்டில் உட்கார்ந்தபோதெல்லாம் எரிந்திருக்கிறது. தட்டுதான் எரிச்சலுக்குக் காரணம் என்று எண்ணி மெத்தென்ற இடம் தேடிப் போயிருக்கிறது.

"வேணும்னே செய்யுது" என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். நேற்று வாங்கிய திட்டுக்கு இன்று பதிலடி தரத் திட்டம் போடுவது மனிதர்களின் வேலை. பூனை தட்டை விட்டு வெளியே போனால் முதலில் நோய் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தட்டைப் பாருங்கள். அள்ளாமல் கிடக்கிறதா, வாசனை போட்ட மணலா, தடதடக்கும் வாஷிங் மெஷின் பக்கத்தில் இருக்கிறதா? இரண்டு பூனைக்கு ஒரே தட்டு என்பதும் தகராறுதான்; பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வைக்கச் சொல்வார்கள். அடிப்பதும் மூக்கை மூத்திரத்தில் தேய்ப்பதும் ஒரு பாடத்தைத்தான் கற்றுத்தரும்: இந்த ஆள் ஆபத்தானவன். அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் போகும், அவ்வளவுதான்.

கடுவன் வளர்ப்பவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம். அடிக்கடி குந்தி முக்கியும் சொட்டுச் சொட்டாக வருகிறது, அல்லது வரவே இல்லை என்றால் சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாலைத் தூக்கி நடுங்க விட்டு, நின்றபடியே சுவரில் பீய்ச்சுவது வேறு கதை. அது 'இது என் இடம்' என்ற அறிவிப்பு. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

அடுத்த தவறு, பூனையையும் நாய் மாதிரியே புரிந்துகொள்வது. நாய் வாலாட்டினால் பெரும்பாலும் குஷி. பூனை வாலைப் பட் பட்டென்று அடித்தால் 'போதும், கையை எடு' என்று பொருள். மல்லாந்து வயிற்றைக் காட்டுவதும் தடவச் சொல்லி அல்ல, உங்களை நம்புகிறது என்பதால். "கொஞ்சிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு கடிச்சிடுச்சு" என்பார்கள். திடீரென்று இல்லை. வால் நுனி துடித்திருக்கும், முதுகுத் தோல் அலை மாதிரி சுருங்கியிருக்கும், காது பக்கவாட்டில் திரும்பியிருக்கும். நாம்தான் கவனிக்கவில்லை.

கொர்ர் கொர்ர் என்கிறதே, நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டவும் வேண்டாம். வலியிலும் பிரசவத்திலும்கூடப் பூனை அப்படிச் சத்தமிடும். மூலையில் ஒடுங்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

பூனை கண்ணை மூடிக்கொண்டு பூலோகம் இருண்டதாக நினைத்ததாம் என்று நாம் கேலி செய்கிறோம். உண்மையில் அதன் பாஷையில் கண்ணை மெல்ல மூடித் திறப்பது சிநேகம், உற்றுப் பார்ப்பது மிரட்டல். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மெதுவாகக் கண் சிமிட்டிய மனிதர்களுக்குப் பூனைகளும் பதிலுக்குச் சிமிட்டின; அப்படிச் சிமிட்டிய அந்நியரின் கைக்கு அருகே கூடுதலாகவும் வந்தன. பூனை என்றாலே பிடிக்காத விருந்தாளியின் மடியில் போய் அது ஏறுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அவர் மட்டும்தானே அதை முறைக்கவில்லை!

சோபாவைக் கிழிப்பதும் கொழுப்பெடுத்து அல்ல. நகத்தின் பழைய உறை கழல வேண்டும், முதுகு நீள வேண்டும், பாதத்திலுள்ள சுரப்பிகளின் வாசனை அங்கே ஒட்ட வேண்டும். ஆடாத ஒரு கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றி, பூனை எட்டி நிற்கும் உயரத்தில் அந்தச் சோபாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கண்ணில் படாத மூலையில் வைத்துவிட்டு "இது தொடவே மாட்டேங்குது" என்பதில் நியாயம் இல்லை.

சோறு போடாமல் விட்டால்தான் எலி பிடிக்கும் என்பதும் தப்பு. பசியும் வேட்டை வேகமும் தனித்தனி. வயிறு நிறைந்த பூனையும் பாயும்.

அந்த வேகம் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம். நாலரை மணிக்கு அது முகத்தைத் தட்டும்போது, சனியன் ஒழியட்டும் என்று எழுந்து சாப்பாடு வைத்தால், தட்டினால் சாப்பாடு வரும் என்று நாமே பழக்கிவிடுகிறோம். படுக்கும் முன் கயிற்றை ஆட்டி ஓட விட்டு, அதன் பிறகு சாப்பாடு வையுங்கள். காலையில் அசையாமல் கிடங்கள். நாங்கள் நாலு நாள் அப்படிக் கிடந்தோம். ஐந்தாம் நாள் எழுந்து போய் டப்பாவைத் திறந்தது நான்தான். இப்போது மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறோம்.