கசற்றில் உள்ள மூன்று எழுத்து: அரிய கேம்போய் நாட்டுப் பதிப்புகளைத் தேடத் தொடங்குவது எப்படி

எங்கள் வீட்டு அலுமாரியில் சூப்பர் மரியோ லாண்ட் என்ற விளையாட்டின் கசற் ஒன்று பல வருடம் சும்மா கிடந்தது. கசற் என்று நான் சொல்வது, நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்போயில் செருகும், விளையாட்டுப் பதிந்த சிறு பிளாஸ்ரிக் அட்டையை. 2002 போர்நிறுத்தத்தின்போது ஜேர்மனியிலிருந்து திருகோணமலைக்கு வந்த பெரியம்மாவின் மகன், தான் சின்ன வயதில் விளையாடிய கேம்போயையும் கசற்றுகளையும் எங்களிடம் தந்துவிட்டுப் போனார். லேபலின் ஓரத்தில் பொடி எழுத்தில் "டி.எம்.ஜி – எம்.எல் – என்.ஓ.இ" என்று அச்சடித்திருந்ததை வளர்ந்த பிறகுதான் வாசித்தேன். கடைசி மூன்று எழுத்தும் அந்தக் கசற் எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்கின்றன. அது விளங்கிய நாளிலிருந்து நான் கேம்போய் சேகரிக்கிறேன்.

இந்த வேலைக்குத் திருகோணமலை நல்ல இடம் என்பது என் உறுதியான எண்ணம். ஜேர்மனியில் இருக்கும் சேகரிப்பாளருக்குச் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் ஜேர்மன் பதிப்புத்தான். நான் இங்கே கண்ட கேம்போய்களோ கடை வழியாக வந்தவை அல்ல. உறவினர்களின் பயணப் பெட்டிக்குள் வந்தவை. ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குப் பிள்ளைகள் பரிஸில், அடுத்த வீட்டுக்கு ஒஸ்லோவில், எதிர்வீட்டுக்கு ரொறன்ரோவில். மூன்று வீட்டு அலுமாரியிலும் மூன்று நாட்டுப் பதிப்பு இருக்கக்கூடும்.

1. தேட முன் இவ்வளவும் தெரிந்திருக்கட்டும்

கேம்போய் ஜப்பானில் 21 ஏப்ரல் 1989 அன்று வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவுக்கும், 1990இல் ஐரோப்பாவுக்கும் போனது. கேம்போயும் கேம்போய் கலரும் சேர்ந்து 11 கோடி 86 இலட்சத்துக்கு மேல் விற்றன. ஆகவே கருவி என்ற அளவில் அது அரிதல்ல. எந்த நாட்டுக்காக, எந்தப் பெயரில், எந்தப் பெட்டியில் வந்தது என்பதில்தான் அருமை இருக்கிறது.

தொடங்குபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: கேம்போய்க்கு நாட்டுப் பூட்டு கிடையாது. கருவியைப் போட்டதும் திரையில் மேலிருந்து இறங்கும் நின்டெண்டோ பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் கருவி, கசற்றுக்குள் பதிந்திருக்கும் அதே சின்னத்தின் 48 பைட் தரவைத் தன்னிடம் இருப்பதோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் விளையாட்டு ஓடும். நாட்டை அது கேட்பதில்லை. ஜப்பானியக் கசற்றை ஜேர்மன் கருவியில் போடலாம், கொரியக் கசற்றைக் கனடாக் கருவியில் போடலாம். நன்றாக வேலை செய்யும் ஒரே ஒரு கருவி கைவசம் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

கருவியின் பின்பக்கம் மாதிரி எண் இருக்கும். பழைய தடித்த கேம்போய் டி.எம்.ஜி-01. அதன் பிறகு வந்த வகைகளில், பொக்கெற் எம்.ஜி.பி-001. லைற் எம்.ஜி.பி-101. கலர் சி.ஜி.பி-001. அட்வான்ஸ் ஏ.ஜி.பி-001. இந்த ஐந்தையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

2. ஊருக்குள் கேளுங்கள்

இணையத்தில் வாங்கப் போக முன் தெரிந்த வீடுகளில் கேளுங்கள். "கேம்போய் இருக்கா" என்று மட்டும் கேட்டால் பலருக்கு விளங்காது. இங்கே கையடக்கமான எல்லாவற்றுக்கும் "கேம்" என்றுதான் பெயர். எனவே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையை வைத்துக் கேட்பதுதான் என் வழக்கம்.

"அன்ரி, நோர்வேயில இருக்கிற அண்ணா சின்னனில வைச்சு விளையாடின கேம் ஒண்டு இருந்ததெல்லோ, அது இப்பவும் இருக்கோ?"

"அது மேல பெட்டிக்குள்ள கிடக்கும் தம்பி. ஏறி எடுத்துப் பாருமன்."

பெரும்பாலும் கையில் வருவது கட்டைகள் விழும் பிரிக் கேம் ஆகத்தான் இருக்கும். முகம் சுளிக்காமல் பாருங்கள், நன்றி சொல்லுங்கள். அதே பெட்டியின் அடியில்தான் ஒருமுறை எனக்கு ஸ்கன்டினேவியப் பதிப்பு ஒன்று கிடைத்தது.

வாங்குவதாக இருந்தால் பொருளின் உண்மையான மதிப்பை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். விலை தெரியாத ஒரு அம்மாவிடமிருந்து அரிய பொருளைச் சில நூறு ரூபாய்க்கு எடுத்துவருவதை நான் சேகரிப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். தர விரும்பாதவர்களும் உண்டு. அவர்களிடம் படம் மட்டும் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். ஆராய்ச்சிக்குப் படமே பாதி.

3. எழுத்துகளை வாசியுங்கள்

இதுதான் இந்தக் கலையின் மையம், கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். லேபலில் உள்ள குறியீடு மூன்று துண்டாக இருக்கும். முதலாவது கருவி, இரண்டாவது விளையாட்டு, மூன்றாவது சந்தை. அடிக்கடி காணும் சந்தை எழுத்துகள் இவை:

யு.எஸ்.ஏ – அமெரிக்கா. கனடாவிலிருந்து வந்தவற்றிலும் பெரும்பாலும் இதுவே இருக்கும்.
என்.ஓ.இ – நின்டெண்டோ ஒஃப் யூரோப்பின் சுருக்கம். நடைமுறையில் ஜேர்மன் சந்தை.
எஃப்.ஏ.எச் – பிரான்ஸும் ஒல்லாந்தும்.
யு.கே.வி – ஐக்கிய இராச்சியம்.
எஸ்.சி.என் – ஸ்கன்டினேவியா. அங்கே விநியோகித்தது சுவீடனின் பேர்க்சாலா நிறுவனம்.
ஐ.ரி.ஏ, ஈ.எஸ்.பி, ஏ.யு.எஸ் – இத்தாலி, ஸ்பெயின், அவுஸ்திரேலியா.

பழைய ஜப்பானியக் கசற்றுகளில் மூன்றாவது துண்டே இருக்காது. "டி.எம்.ஜி – எம்.எல்.ஏ" என்பதோடு முடிந்துவிடும்.

பிற்காலத்தில் நடுத்துண்டு நான்கு எழுத்தாக நீண்டு, நான்காவது எழுத்தே மொழியைச் சொல்லத் தொடங்கியது. போகிமொன் சிவப்பு என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பதிப்பு ஏ.பி.ஏ.ஈ, ஜேர்மன் பதிப்பு ஏ.பி.ஏ.டி, பிரெஞ்சுப் பதிப்பு ஏ.பி.ஏ.எஃப். ஜேர்மனியை அவர்கள் மொழியில் டொய்ச்லாண்ட் என்பதால் அங்கே டி.

இதோடு லேபலை வெளிச்சத்துக்குச் சரித்துப் பாருங்கள். அசல் கசற்றுகளில் பெரும்பாலும் இரண்டு இலக்கமும் சிலவேளை ஓர் எழுத்துமாக ஒரு அச்சுத் தழும்பு லேபலில் அமுங்கியிருக்கும். மையால் அச்சடித்ததல்ல, அழுத்திப் பதித்தது. போலி செய்பவர்கள் இதைப் பல தடவை மறந்துவிடுவார்கள்.

பெட்டியும் கையேடும் சேர்ந்து கிடைத்தால் மூன்றிலும் ஒரே சந்தை எழுத்து வருகிறதா என்று பாருங்கள். ஜேர்மன் பெட்டிக்குள் அமெரிக்கக் கசற் இருந்தால் இடையில் யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். அதை "முழுமையானது" என்று எழுதி விற்பவரிடம் கவனமாக இருங்கள்.

4. எதைத் தேடுவது

ஒரு நாட்டின் சட்டமோ வரலாறோ ஒரு விளையாட்டுக் கருவியை எப்படி மாற்றியது என்பதைக் காட்டும் பதிப்புகள்தான் எனக்குப் பிடித்தவை. விலையை நான் பிறகுதான் பார்ப்பேன்.

கொரியாவின் மினி கொம்போய் இதற்கு நல்ல உதாரணம். 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியா, விடுதலைக்குப் பிறகு ஜப்பானியப் பண்பாட்டுப் பொருட்களுக்குப் பல காலம் கதவடைத்திருந்தது. 1998இல்தான் அது படிப்படியாகத் திறந்தது. அதற்கு முன்பு ஹுண்டாய் எலெக்ட்ரொனிக்ஸ் கேம்போயைத் தன் பெயரில், மினி கொம்போய் என்று விற்றது. பெட்டியில் ஹுண்டாய் பெயரைப் பார்க்கும்போது அந்த வரலாறு முழுவதும் கையில் இருப்பதுபோல இருக்கும்.

சீனா 2000இல் விளையாட்டுக் கருவிகளின் விற்பனையைத் தடைசெய்தது. அதன் பிறகு 2004இல் அங்கே கேம்போய் அட்வான்ஸ் வந்தது ஐக்யூ என்ற நிறுவனத்தின் பெயரில்.

கேம்போய் லைற் 14 ஏப்ரல் 1998 அன்று ஜப்பானில் மட்டும் வந்தது. திரைக்குள் வெளிச்சம் உள்ள முதல் கேம்போய் அதுதான். ஆனால் ஒக்ரோபரிலேயே கலர் வந்துவிட்டதால் அதன் காலம் சில மாதங்களோடு முடிந்தது. இன்று அதன் விலை ஏறக் காரணம் இதுவே. வெளிச்சம் பொருத்திய பொக்கெற்றை லைற் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. பற்றரி மூடியைத் திறந்து பாருங்கள்: லைற்றுக்கு நாங்கள் பென்ரோச் பற்றரி என்று சொல்லும் ஏஏ அளவில் 2 வேண்டும், பொக்கெற்றுக்கு அதைவிட மெல்லிய ஏஏஏ. தூரத்திலிருந்து வாங்கினால் இந்தப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கசற்றுகளில் புரோபொற்றெக்ரரைத் தேடுங்கள். ஜப்பானில் கொன்ட்ரா, அமெரிக்காவில் ஒப்பரேஷன் சி என்று வந்த அதே விளையாட்டு. ஐரோப்பாவில் மட்டும் மனிதப் போர்வீரர்கள் ரோபோக்களாக மாறினார்கள். ஜேர்மனியின் கடுமையான இளையோர் பாதுகாப்பு விதிகள்தான் பின்னணி. ஐரோப்பாவில் உறவினர் இருக்கும் எங்களுக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் உள்ள பொருள்.

5. போலியைப் பிடிப்பது

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். தொடங்கிய புதிதில், இணையத்தில் ஒருவரிடமிருந்து "அரிய ஆங்கிலப் பதிப்பு" என்று போகிமொன் பச்சை ஒன்றை வாங்கினேன். அந்த மாதம் மிச்சம் பிடித்த காசு முழுவதும் அதில் போனது. போகிமொன் சிவப்பும் பச்சையும் ஜப்பானில் 27 பெப்ரவரி 1996 அன்று வந்தன. 1998இல் அமெரிக்காவுக்குப் போனவை சிவப்பும் நீலமும். பச்சை ஜப்பானைத் தாண்டவேயில்லை. ஆங்கிலப் பச்சைக் கசற் எதுவானாலும் போலி. வெளியீட்டு வரலாற்றை வாங்க முன் வாசித்திருந்தால் காசு மிஞ்சியிருக்கும். அதனால் யாராவது "அரிய பதிப்பு" என்றால் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: அப்படி ஒரு பதிப்பு உண்மையிலேயே வந்ததா?

அடுத்தது கசற்றைத் திறப்பது. சாதாரணத் திருப்புளி பிடிக்காது, 3.8 மில்லிமீற்றர் கேம்பிற் என்ற தனி முனை வேண்டும். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை அசல் என்றால் அதில் நின்டெண்டோ பெயரும் பலகை எண்ணும் தெளிவாக அச்சாகியிருக்கும். பலகையில் உள்ள சில்லில், அதாவது சிப்பில், டி.எம்.ஜி என்று தொடங்கும் விளையாட்டுக் குறியீடு இருக்கும். பெரும்பாலான சில்லுகளில் நான்கு இலக்கத் திகதியும் உண்டு: 9312 என்றால் 1993ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். சில்லு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பிசின் பொட்டு இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

கருவிகளில் பெரிய சிக்கல் மேலோடு. புதிதாகச் செய்த வண்ண மேலோடுகள் மலிவாகக் கிடைப்பதால், சாதாரணக் கேம்போய் கலர் ஒன்று ஒரே மாலையில் "சிறப்புப் பதிப்பு" ஆகிவிடும். பின் ஸ்ரிக்கர் இல்லையா, எழுத்து மங்கலா, பிளாஸ்ரிக் ஓரம் கரடுமுரடா என்று வடிவாகப் பாருங்கள்.

6. எழுதி வையுங்கள்

ஒரு கொப்பியே போதும். ஒவ்வொரு பொருளுக்கும் முழுக் குறியீடு, அமுங்கிய இலக்கம், பலகை எண், சில்லின் திகதி. பிறகு, வேறு எந்த நாட்டுச் சேகரிப்பாளரிடமும் கிடைக்காத விபரம்: யார் வாங்கினார், எந்த நகரத்தில், எந்த ஆண்டில், யார் கையில் கொடுத்துவிட்டார். இதைக் கேட்டறிய இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். வட்ஸப்பில் ஒரு குரல்பதிவு கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். பலகைகளின் படங்களை கேம்போய் ஹார்ட்வெயார் டேட்டாபேஸ் என்ற பொதுத் தொகுப்போடு ஒப்பிடலாம். இணையத்தில் வெளிநாட்டுப் பதிப்பைத் தேடும்போது அதன் பெயரை அந்த நாட்டு எழுத்திலேயே ஒட்டித் தேடுங்கள், கிடைப்பவை பல மடங்காகும். விலைக்கு, விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காமல் விற்று முடிந்த தொகையைப் பாருங்கள். தபாலில் வருவதற்குச் சுங்கவரி விழக்கூடும், அதையும் கூட்டுங்கள்.

7. உப்புக் காற்றிலிருந்து காப்பது

எங்கள் ஊரில் மூன்று பக்கமும் கடல். மார்கழி மழையில் அலுமாரிக்குள்ளும் ஈரம் ஏறும். கருவியைப் பற்றரியோடு ஒருநாளும் வைக்காதீர்கள். அல்கலைன் பற்றரி கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், வினாகிரியில் தொட்ட கொட்டன் பட்ஸால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து உலர விடுங்கள். கசற்றின் பொன்னிறப் பற்களுக்கு அல்ககோல் மட்டும் போதும். அழிறப்பர் போட்டுத் தேய்க்கச் சிலர் சொல்வார்கள், அது பூச்சைத் தின்னும், நான் செய்வதில்லை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, மழைக்காலத்தில் பைகளை மாற்றுங்கள்.

விளையாட்டைச் சேமித்து வைக்கும் கசற்றுகளுக்குள் சி.ஆர்.1616 அல்லது சி.ஆர்.2025 வட்டப் பற்றரி ஒன்று இருக்கும். அது தீர்ந்துவிட்டால் புதியது போடலாம். ஆனால் கழற்றிய கணத்திலேயே உள்ளே சேமித்திருப்பது அழிந்துவிடும். ஆகவே முதலில் கசற்றைப் போட்டு, சேமிப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, திரையைப் படம் எடுங்கள். அல்லது கசற் வாசிக்கும் கருவியால் கணினிக்கு எடுத்து வையுங்கள். அண்மையில் உப்புவெளியில் ஒரு வீட்டிலிருந்து வந்த ஜேர்மன் போகிமொன் சிவப்பை நான் அப்படித்தான் செய்தேன். பற்றரி இன்னும் உயிரோடு இருந்தது. விளையாடியவர் பெயர் வரும் இடத்தில், ஜேர்மன் எழுத்துகளில், அந்த வீட்டு அம்மா தன் மகனைக் கூப்பிடும் செல்லப் பெயர் இருந்தது. படத்தை அவருக்கு அனுப்பினேன். கசற்றைத் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டேன். கொப்பியில் அதன் குறியீடும் அந்தப் படமும் இருக்கின்றன.