எழுபதுக்கு மேல் எழுத உட்காருகிறவர்களுக்கு

கும்பகோணம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் கால்களை இணைத்துக்கொடுத்த டிரங்க் போர்டில் சேர்ந்து, கேட்பவர்களுக்கு போன் நம்பர் சொல்லும் 197 விசாரணையில் ரிட்டயர் ஆனவள் நான். வாழ்க்கையைக் கொஞ்சம் எழுதி வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து பழைய சிநேகிதிகள் கேட்கிறார்கள்: “எனக்கும் ஆசைதான்டி, எங்கே ஆரம்பிக்கிறது?”

இன்ன வருஷம் இன்ன ஊரில் பிறந்தேன் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். இரண்டாம் பக்கத்திலேயே ரேஷன் கார்டு மாதிரி ஆகிவிடும். பத்து வயதிலிருந்து முப்பது வரை நடந்ததில் கை வையுங்கள். வயதானவர்களுக்கு அந்தக் காலம்தான் அதிகத் தெளிவாக நினைவிருக்கும் என்று உளவியல் ஆய்வுகளிலும் சொல்கிறார்கள். முதல் சம்பளம், கல்யாணம், பிரசவம் எல்லாம் அதற்குள்தானே.

அதிலும் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு போங்கள். நான் ஹெட்செட்டைப் பிடித்தேன். ஆர்டினரி கால், அர்ஜென்ட் கால், சீக்கிரம் லைன் கிடைக்க எட்டு மடங்கு காசு கட்டிப் போட்ட லைட்னிங் கால். லைட்னிங் என்றால் பெரும்பாலும் சாவுச் செய்திதான். லைன் சரியாகக் கிடைத்ததா என்று பார்க்கும் நேரத்தில் அழுகை காதில் விழுந்துவிடும். அடுத்த விளக்கு எரிந்ததும் அதே குரலில் “நம்பர் ப்ளீஸ்”. எத்தனை வீட்டுத் துக்கத்தைக் கேட்டு யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறேன் என்பது எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. அதையும் ஒரு வேலையாக நானே மதித்து எழுதினேன். அன்றைக்கு இருந்த நிறைவு, பிரிவு உபசாரத்தில் போட்ட சால்வையில் இல்லை.

மனஸ்தாபங்களை எழுதுவதுதான் கஷ்டம். பலன் அதிகம் கிடைப்பதும் அங்கேதான். முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தை முழுசாகக் கொட்டுங்கள். பெருந்தன்மை காட்ட அவசரம் வேண்டாம். சில நாள் கழித்து அதே சம்பவத்தை எதிராளி இருந்த இடத்திலிருந்து எழுதுங்கள்.

நைட் டூட்டி முடிந்து நான் வந்தால் மாமியார் கதவைச் சட்டென்று திறக்க மாட்டார். திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பேன். அந்த எரிச்சல் அவர் போன பிறகும் என்னிடம் அப்படியே இருந்தது. அவர் பக்கத்திலிருந்து எழுதப்போனால், இளைப்பு வந்த என் பையனை ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் அவர். விடியற்காலைதான் கண் அசந்திருப்பார். எனக்குத் தெரியாத செய்தியா இது? இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். கோபமே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். என் நைட் டூட்டியைப் பற்றி அக்கம்பக்கத்தில் அவர் பேசியது பேசியதுதான். கதவு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

எழுதினால் உடனே மனசு லேசாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் கல்லூரி மாணவர்களைத் தங்கள் வேதனைகளைப் பற்றித் தினம் 15 நிமிஷம், நான்கு நாள் எழுதச் சொன்னார். எழுதிய கையோடு அவர்களுக்கு மனசு கனத்ததாம். அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போவது குறைந்தது. அவர்கள் இளவட்டங்கள், நாம் வேறு. ஆனாலும் அந்தக் கனம் நமக்கும் உண்டு. அதனால் காலை காபிக்குப் பிறகு எழுதுங்கள், படுக்கப் போகும் முன் வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் கெட ஆரம்பித்தால் நோட்டை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

வயசாகிவிட்டதே என்று இழுப்பவர்களுக்கு ஒன்று. எங்கள் ஊர்க் காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுத்த உ.வே.சாமிநாதையர் தம் சரித்திரத்தை விகடனில் எழுதத் தொடங்கியது 1940-இல், எண்பத்தைந்தாவது வயதில். 1942-இல் அவர் காலமானபோது அது முடிந்திருக்கவில்லை. அதற்காக யாரும் படிக்காமல் விட்டார்களா?

கை நடுங்கினால் போன் கீபோர்டில் மைக்கை அழுத்திப் பேசுங்கள், தமிழில் எழுத்தாகிவிடும். ஊர்ப்பேர், ஆள்பேரையெல்லாம் கன்னாபின்னாவென்று போடும்; பேத்தியிடம் கொடுத்தால் திருத்தித் தருவாள். மாமியார் பக்கங்களை மட்டும் எப்படியாவது கையாலேயே எழுதிவிடுங்கள். திருத்தக் கொடுத்தால் படித்துவிட்டு மருமகளிடம் போய்ச் சொல்லிவிடுவாள்.