பொருமுக எழினி: நடுவில் சேரும் திரையை நாமே கட்டுவது எப்படி

எழினி என்றால் திரை. சிலப்பதிகாரத்தில், அரங்கேற்று காதையில், மாதவி ஆடிய மேடைக்கு மூன்று எழினி வருகிறது. ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது ஒருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி, இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேருவது பொருமுக எழினி. பொருதல் என்றால் எதிரெதிரே வந்து முட்டுவது, அவ்வளவுதான் பெயர்க்காரணம். நம்ம கடலூர்ப் பக்கத்துக் கூத்தில் இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, வேஷக்காரர் பின்னால் நின்று பாடுவாரே, அது இந்த மூன்றிலும் சேராது, ஆனால் எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

சரி, கட்டுவோம். மேடை 20 அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குழாய். நான் முதல் தடவை ஒரே நீளக் குழாயில் இரண்டு திரையையும் கோத்துவிட்டேன், நடுவில் நாலு விரல் இடைவெளி விழுந்து, உள்ளே ராஜா மீசை ஒட்டிக்கொண்டிருந்ததை முன்வரிசை மொத்தமும் பார்த்துச் சிரித்தது. அதனால் 11 அடிக் குழாய் இரண்டு வாங்கி, ஒன்று முன்னால், ஒன்று நாலு அங்குலம் பின்னால், நடுவில் இரண்டு அடி ஒன்றையொன்று தாண்டும்படி கட்டுங்கள்.

அடுத்து துணி. ஒவ்வொரு திரைக்கும் பதினேழு அடி அகலம் வேண்டும், குறைத்தால் மடிப்பு விழாமல் கல்யாணப் பந்தல் தட்டி மாதிரி விறைத்து நிற்கும். வாங்கும்போதே கடையில் பின்னாலிருந்து போன் டார்ச் அடித்துப் பாருங்கள், வெளிச்சம் ஊடுருவினால் வேண்டாம். முக்கால் அடிக்கு ஒரு வளையம் தைத்தால் போதும்.

இப்போது கயிறு, எல்லோரும் குழம்புகிற இடம். இடக்கோடியில் ஒற்றைக் கப்பி, வலக்கோடியில் இரட்டைக் கப்பி, கயிற்றை வளையமாகச் சுற்றினால் மேல் கயிறு ஒரு திசையில் போகும்போது கீழ்க்கயிறு எதிர்த்திசையில் போகும், இல்லையா? திரை இரண்டையும் மூடிவைத்துவிட்டு, முன்திரையில் மேடை நடுவுக்கு வந்து நிற்கும் ஓர வளையத்தை மேல் கயிற்றிலும் பின்திரையில் அதே மாதிரி ஓர வளையத்தைக் கீழ்க்கயிற்றிலும் முடிந்துவிடுங்கள். ஒருவர் ஒரு கயிற்றை இழுத்தால் இரண்டும் விலகும், மற்றதை இழுத்தால் சேரும்.

அப்புறம் காற்று. சாயங்காலம் கடற்காற்று வந்தால் திரை பாய்மரமாகிவிடும், கீழ்மடிப்பில் மணல் நிரப்பிய நீளப் பையை வைத்துத் தையுங்கள்.

நாடகப் பிரதியின் ஓரத்தில் ‘எழினி விலகும்’, ‘எழினி சேரும்’ என்று நாங்கள் பென்சிலில் எழுதிக்கொள்வோம். கயிறு பிடிக்கிற பையனுக்கு அது போதும்.